பழகிப்போன ஆட்டம்

நாம் உச்சமுனைக்குச் சென்றது வண்டி திருத்துவதற்காக அன்று. ஒரு பக்கம் பெருங்கடலும் மறுபக்கம் குடாக்கடலும் நெருங்கி நிற்க, நடுவே மணல் ஒன்றே நிலமாக நீண்டு கிடக்கும் அத்தீவினை எம் உயர்தர வகுப்பு மாணவர் இருவருக்குக் காட்டிவர வேண்டும் என்பதே எம் எண்ணமாயிருந்தது. இருவரும் பௌதிகவியல் படிப்பவர்கள். அலையையும் காற்றையும் கரும்பலகையிற் கண்டவர்களுக்கு அவற்றை நேரிற் காட்டினால் நன்றன்றோ? ஆயினும் அங்கே நாம் தங்கிய மூன்று நாட்களில் பெரும்பொழுது, ஒரு முழந்தானும் தேறாத இரண்டு இரும்புத் தண்டுகளின் பின்னே சென்றுவிட்டது. அதற்காக நாம் இன்றும் வருந்தவில்லை.

கற்பிட்டியில் ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676இல் முடித்த கோட்டையை வாசகர் பலர் பார்த்திருப்பர். அதற்கப்பால் இறங்குதுறையிற் படகேறி வடக்கு நோக்கிச் சென்றால் தீவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். அவற்றுள் ஒன்றே உச்சமுனை. கரையெங்கும் அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படர்ந்திருக்கின்றன. எம் பழைய மாணவர் ஒருவர் அங்கே மீன்பிடித் தொழில் செய்து வாழ்கிறார். படகடையும் இடத்திலிருந்து அவர் வீட்டுக்கு ஒரு மைல் தூரம் இருக்கும். அந்த ஒரு மைலும் மணல். இளைஞருக்கே கணுக்கால் நோகும் அந்த மணலில் அவருடைய தாயாரால் நடக்க இயலாது. முழங்கால் வாதம் அவரை வருடக்கணக்காக வாட்டுகின்றது. மாதமொரு முறை கற்பிட்டி வைத்தியசாலையின் கிளினிக்குக்குப் போயாக வேண்டியவர்.

ஆகவே அவ்வீட்டில் ஒரு வண்டி உண்டு. ‘ஏ.ரி.வி.’ என்று மூன்றெழுத்தாற் குறிக்கப்படும், எத்தரையிலும் ஓடும் நாற்சில்லு வண்டி. மோட்டார் சைக்கிளைப் போன்ற இருக்கையும் ஹாண்டிலும், பானைபோற் பருத்த நான்கு ரயர்களும் உடையது. உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு ஓடிக் களைத்து, இரண்டு மூன்று கைகள் மாறி இவரிடம் வந்து சேர்ந்தது. அதன் ஆசனம் ஓட்டுபவர் ஒருவருக்கே உரியதாதலால், பின்னால் இரு சில்லுள்ள சிறு பெட்டி வண்டி ஒன்றைத் தாமே செய்து கொழுவியிருந்தார். தண்ணீர்க் கலன், ஐஸ் பெட்டி, வலை, மாதமொரு நாள் தாயார் ஆகிய எல்லாச் சுமையும் அதிலேயே செல்லும்.

நாம் சனிக்கிழமை பிற்பகல் இறங்கினோம். எம் பொதிகளை ஏற்றிச் செல்ல வண்டியுடன் வந்திருந்தார். மாணவருள் ஒருவன் ஆசையோடு ஹாண்டிலைப் பிடித்து இடமும் வலமும் அசைத்தான். பின் எம்மைத் திரும்பிப் பார்த்தான். ஹாண்டில் இரண்டு விரற்கடை அசைந்த பின்னரே முன்சில்லுகள் அசையத் தொடங்கின. அதுவும் வலச் சில்லு ஒரு கணம் முந்தி, இடச் சில்லு ஒரு கணம் பிந்தி.

“இதென்ன தம்பி, இவ்வளவு ஆட்டம்?” என்றோம்.

“அது அப்பிடித்தான் சேர். பழகிப்போச்சு” என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

அச்சொல் எமக்கு உறைத்தது. ஏனெனில் எம் பழைய காரின் சுக்கானில் இதே ஆட்டம் இருந்தபோது, இரண்டு மாதம் நாமும் இதே பதிலைத்தான் எமக்கே சொல்லிக்கொண்டிருந்தோம். ஆட்டம் ஒரே நாளில் வருவதில்லை. இன்று ஒரு மயிரிழை, அடுத்த மாதம் இன்னொரு மயிரிழை என்று வளர்கிறது. வளர வளர ஓட்டுபவரின் கையும் அதற்கேற்பத் திருத்திக்கொள்கிறது. கை கற்றுக்கொண்ட பிறகு மூளைக்கு முறைப்பாடு போவதில்லை. புதிதாய்த் தொட்ட ஒரு பையனுக்கே அது தெரிந்தது.

அந்தத் தண்டு யாது, அதற்கு அங்கே என்ன வேலை என்பதை இளைய வாசகர் பொருட்டுச் சற்று விரித்துரைப்போம்.

எம் மாட்டு வண்டிக்கு இரண்டே சில்லு. திரும்ப வேண்டிய கவலை மாட்டுடையது, வண்டி பின்தொடரும். சிக்கல் நாற்சில்லு வண்டியிலேதான் பிறக்கிறது. எம் கோயில் தேரைப் பாருங்கள். அதன் சில்லுகள் அச்சிலே நேராகப் பூட்டப்பட்டவை, திரும்பும் வகையறியாதவை. வீதி மூலையிலே தேரைத் திருப்புவதற்கு முட்டுக்கட்டை போடுவோர் படும் பாட்டையும், வடம் பிடிப்போர் பக்கவாட்டில் இழுக்கும் இழுப்பையும் காணாதவர் நம்மிற் சிலரே. ஐரோப்பியர் தம் குதிரை வண்டிகளில் முன் அச்சு முழுவதையும் நடுவில் ஓர் ஆணியில் நிறுத்தித் திருப்பினார்கள். அவ்வாறு திருப்பும்போது முன்சில்லுகள் வண்டியின் கீழே ஒதுங்கிவிடுவதால் வண்டி நிற்கும் அடித்தளமே ஒடுங்கிவிடும். வேகமாக வளைத்தால் கவிழும்.

இதற்கு மாற்று வழியை 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே சிந்தித்தவர் இராஸ்மஸ் டார்வின் என்னும் ஆங்கில மருத்துவர். பரிணாமக் கொள்கையால் உலகறிந்த சார்ள்ஸ் டார்வினின் பாட்டனார். நோயாளரைப் பார்க்க நாள்தோறும் குண்டும் குழியுமான வீதிகளில் வண்டியோட்டியவர் அவர். பின்னர் மூனிச் நகரத்து வண்டி செய்வோரான கியோர்க் லங்கென்ஸ்பெர்கர் அதனைச் செய்து காட்டினார். அதற்கு 1818இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவரோ இலண்டனில் நூலும் படமும் அச்சிட்டு விற்ற றுடோல்ஃப் அக்கர்மான். செய்தவர் பெயர் மறைய, பதிந்தவர் பெயரே இன்றும் பாடநூல்களில் நிலைத்துவிட்டது.

அவ்வழி இதுதான்: அச்சைத் திருப்பாதே, சில்லுகளைத் தனித்தனியே அவற்றின் இடத்திலேயே திருப்பு, அவ்விரண்டையும் தண்டினால் இணைத்துவிடு. ஆயினும் இரண்டையும் சம அளவாகத் திருப்பினால் போதாது. வளைவின் உட்பக்கத்துச் சில்லு சிறிய வட்டத்தையும் வெளிப்பக்கத்துச் சில்லு பெரிய வட்டத்தையும் வரைவதால் உட்சில்லு அதிகமாகத் திரும்ப வேண்டும். எம் மாணவர் இருவரும் அன்று மாலை ஈரமணலில் குச்சியால் இதனை வரைந்து கணக்கிட்டார்கள். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 120 சென்ரிமீற்றர். இரு சில்லுகளுக்கும் இடையே 80. பின்னச்சின் நடுப்புள்ளி 3 மீற்றர் ஆரையில் திரும்புகின்றது என வைத்தால், உட்சில்லு ஏறத்தாழ 25 பாகையும் வெளிச்சில்லு ஏறத்தாழ 19 பாகையும் திரும்ப வேண்டும். விடை கண்டு முடிப்பதற்குள் ஓர் அலை வந்து பாதிக் கணக்கை அழித்தது, மனதால் முடித்தார்கள்.

எம் வீதிகளில் ஓடும் ஓட்டோவுக்கு இந்தத் தொல்லை இல்லை. முன்னால் ஒரே சில்லு. ஹாண்டில் நேரே அதனைத் திருப்புகிறது. எத்தரையிலும் ஓடும் வண்டிகளும் முதலில் அவ்வாறே இருந்தன. 1970இல் ஹொண்டா கம்பனி விற்பனைக்கு விட்டது மூன்று சில்லு வண்டி. அவை இலகுவிற் கவிழ்ந்து, பலர், அவருள்ளும் சிறுவர் பலர், உயிரிழந்தமையால் 1988இல் அமெரிக்க அரசுடன் செய்த உடன்பாட்டின்படி கம்பனிகள் அங்கே மூன்று சில்லு வண்டி விற்பதை நிறுத்தின. 1980களின் தொடக்கத்திலேயே வந்துவிட்ட நாற்சில்லு வண்டிகள் அவ்விடத்தைப் பிடித்தன. சில்லு நான்கானபோது இந்தத் தண்டுகளும் உடன் வந்தன. கராஜ்களில் இவற்றை ‘டை ரொட்’ என்பர். ஹாண்டிலின் அடியிலுள்ள தட்டிலிருந்து வலச் சில்லுக்கு ஒன்று, இடச் சில்லுக்கு ஒன்று. ஒவ்வொரு தண்டின் இரு நுனியிலும் ஓர் உருண்டை மூட்டு. ஆக மொத்தம் நான்கு மூட்டுகள். உங்கள் வீட்டுக் காரிலும், பிள்ளைகள் செல்லும் பாடசாலை வானிலும், நீங்கள் ஏறும் பஸ்ஸிலும் இத்தண்டுகள் உண்டு. அளவும் அமைப்பும் வேறாகும், வேலை ஒன்றே.

உருண்டை மூட்டு என்பது எம் இடுப்பெலும்பின் மூட்டைப் போன்றது. ஒரு கிண்ணத்தினுள் ஓர் உருண்டை. இடையே வழுக்குந் தன்மையுள்ள ஒரு பிளாஸ்ரிக் உறையும் கிறீஸும். வாயை மூடி ஓர் இறப்பர்ச் சட்டை. சில்லு மேலும் கீழும் குதித்தாலும் தண்டு முறியாமல் எப்பக்கமும் அசைய இம்மூட்டு இடங்கொடுக்கிறது. இறப்பர்ச் சட்டை நலமாயிருக்கும் வரை மூட்டு பல காலம் உழைக்கும். சட்டை கிழிந்ததோ, அன்றே அதன் ஆயுள் எண்ணப்படுகிறது. அதுவும் உச்சமுனை போன்ற இடத்திலே! காற்றோடு உப்பும் மணலும் உள்ளே புகும். உப்பு உருண்டையைக் கறளாக்கும், மணல் அந்தக் கறளைத் தேய்த்துப் புதிய இரும்பை வெளிக்காட்டும், மீண்டும் உப்பு.

அன்று மாலை, படகு இயந்திரங்கள் திருத்தும் முதியவர் ஒருவரை எம் மாணவர் அழைத்து வந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் ‘மாமா’. பேச்சுக் குறைந்தவர். வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். நான்கு ரயர்களையும் அழுத்திப் பார்த்தார். மணலில் ஓடும் இவ்வண்டிகளுக்குச் சதுர அங்குலத்துக்கு நாலைந்து இறாத்தல் காற்றே போதும். காருக்கோ முப்பதளவில் வேண்டும். பின்பு முன்பக்கத்தைத் தூக்கி மரக்குற்றியில் நிறுத்தச் சொன்னார்; மணலில் ஜக்கு புதையும் என்பதால் குற்றியின் கீழே பலகையும் வைக்கச் செய்தார்.

அவர் செய்த சோதனை வண்டி வைத்திருப்போர் எல்லோரும் அறிந்துகொள்ள வேண்டியது. சில்லின் இடப்பக்கத்தில் ஒரு கையும் வலப்பக்கத்தில் ஒரு கையும் வைத்து, ஒரு கையால் தள்ளி மறுகையால் இழுத்தார். ‘டக், டக்’ என்றொரு சத்தம். பின்பு மேலும் கீழும் பிடித்து அவ்வாறே அசைத்தார், சத்தமில்லை. பக்கவாட்டில் மட்டும் ஆடினால் பெரும்பாலும் டை ரொட்டின் குற்றம். மேலுங் கீழும் ஆடினால் சில்லின் பெயாரிங்கையோ அதனைத் தாங்கும் மூட்டையோ பார்க்க வேண்டும். அடுத்து எம் மாணவனை ஹாண்டிலை மெல்ல அசைக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலை வைத்துப் பார்த்தார். இடப்பக்கத்து உள்மூட்டில் விரல் நின்றது.

“வந்து பாருங்கோ மாஸ்டர்” என்றார்.

இறப்பர்ச் சட்டை பாதி இல்லை. உள்ளே கிறீஸ் இருக்க வேண்டிய இடத்தில் கறுத்த மணற்சேறு. விரலால் அழுத்தியபோது உருண்டை கிண்ணத்தைவிட்டு மேலெழும்பி, விளிம்பில் ஒரு கணம் தங்கி, மீண்டும் உள்ளே விழுந்தது. விளிம்பு கத்திபோல மெலிந்திருந்தது.

“கிழிஞ்ச சட்டைக்குள்ள மணல் போனா கிறீஸ் கிறீஸில்லை. அரைக்கிற கல்லு” என்றார் மாமா.

இன்னும் எத்தனை நாள் அது தாங்கியிருக்கும் என்று யாராலும் சொல்ல இயலாது. கழன்றிருந்தால் நிகழ்வது மட்டும் திண்ணம். வலச் சில்லு ஹாண்டில் சொன்னபடி திரும்பும். இடச் சில்லு தலைவனில்லாத சில்லாகித் தன் எண்ணப்படி உள்ளோ வெளியோ திரும்பி மணலைக் குத்தும். வண்டி அந்தச் சில்லின்மேல் உருளும். பின்னால் கொழுவிய பெட்டியில் யார் இருப்பார் என்பதை அந்நேரத்தில் அங்கு நின்ற ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. திங்கட்கிழமை கிளினிக்.

பின்னர் ஒரு வாக்குவாதம் எழுந்தது. எம் பழைய மாணவர், திங்கட்கிழமைக்கு மட்டும் மூட்டைக் கம்பி சுற்றிக் கட்டி ஓடிவிடலாம், பிறகு ஆறுதலாகத் திருத்தலாம் என்றார். அவரைக் குறைகூற எமக்கு மனமில்லை. கடல் சரியாக இராத மாதம். கையில் காசு குறைவு. புதிய வண்டி என்பது நினைக்க முடியாதது. எம் நாட்டில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீளத் திறந்தது. அந்த ஐந்தாண்டு காலமும் பழைய வண்டிகளைக் கட்டியும் ஒட்டியும் ஓட்டக் கற்றுக்கொண்டோம் நாமெல்லோரும். கம்பி கட்டும் பழக்கம் வறுமையிலிருந்து வந்தது, அறியாமையிலிருந்து அன்று.

ஆயினும் அசைவதே உருண்டை மூட்டின் தொழில். கம்பியை இறுக்கினால் மூட்டு அசையாது, கம்பி அறும். தளர்த்தினால் கம்பி கட்டியதில் பயனில்லை. இதனை நாம் விளக்கிக்கொண்டிருக்க, மாமா ஒரே வசனத்தில் முடித்துவிட்டார்: “கம்பி கட்டினா நீ ஓடு, அக்காவை ஏத்தாதே.”

நான்கு மூட்டுகளையும் மாற்றுவதென்று முடிவாயிற்று. கெட்டது ஒன்றுதானே என்று கேட்கலாம். மற்ற மூன்றும் அதே மணலில் அதே காலம் ஓடியவை. அன்றியும் இடத் தண்டு சற்று வளைந்திருப்பதை மாமா கண்டார். வளைந்த தண்டை நிமிர்த்திப் போடுவது கூடாது. நிமிர்த்திய இடத்தில் இரும்பு தன் வலுவை இழந்திருக்கும்.

புத்தளத்தில் தொலைபேசியால் விசாரித்தோம்; இல்லை. கொழும்பில் உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் இருந்தது. கடைக்காரர் நல்லவர், எடுத்த எடுப்பில் அனுப்பிவிடாமல் அளவு கேட்டார். மரையின் தடிப்பு 10 மில்லிமீற்றர், மரைக்கு மரை இடைவெளி 1.25. உருண்டையின் காம்பு கூம்பு வடிவமா, நேரானதா? தொலைபேசியிற் படம் பிடித்து அனுப்பினோம். அன்றிரவு பஸ்ஸிலேறிய பொதி ஞாயிறு காலை கற்பிட்டியில் இறங்கி, முற்பகல் படகில் எம் கைக்கு வந்தது. மூட்டு நான்கு, தண்டு ஒன்று.

தென்னங்கீற்றுப் பந்தலின் கீழ் வேலை தொடங்கிற்று. கழற்றுமுன் மாமா செய்வித்த முதல் வேலை அளப்பது. ஒரு மூட்டின் நடுவிலிருந்து மறு மூட்டின் நடு வரை இரு தண்டுகளின் நீளத்தையும் அளந்து பலகையில் கரியால் எழுதினார்கள். வெளியே தெரியும் மரைகளையும் எண்ணினார்கள். இதனைச் செய்யாது கழற்றுவோர் பின்னர் இருட்டிற் தேடுவோர் ஆவர்.

சில்லுகளைக் கழற்றி, காம்பின் முனையிலிருந்த ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி இழுத்தார்கள். அது உப்பில் ஊறித் துண்டு துண்டாக வந்தது. நட் கழன்றது, காம்பு கழலவில்லை. கூம்பு வடிவக் காம்பு கூம்பு வடிவத் துளையில் இறுகிவிட்டால் இழுப்பால் வராது. எம் மாணவன் சுத்தியலை ஓங்கிக் காம்பின் தலையிலே அடிக்கப்போனான். மாமா கையைப் பிடித்துக்கொண்டார். தலையில் அடித்தால் மரை நசுங்குமேயன்றிக் காம்பு அசையாது. நட்டை இரண்டு மரை ஏற்றி விட்டுவிட்டு, துளையுள்ள கையின் ஒரு பக்கத்தில் கனத்த இரும்பொன்றை முட்டுக்கொடுத்து, மறுபக்கத்தில் சுருக்கென்று இரண்டடி. துளை ஒரு கணம் சிலிர்க்கக் காம்பு தானே கீழிறங்கியது. கூம்பைப் பற்றிய பாடம் ஒன்றை ஒரு வாரம் நடத்தியிருந்தாலும் அவ்வளவு பதிந்திராது.

அடுத்து ஒரு தடங்கல். தண்டின் ஒரு நுனியில் பூட்டு நட் இலகுவிற் கழன்றது. மறு நுனியில் இருவரும் மாறி மாறி இழுத்தும், ஸ்பனரில் குழாய் செருகி இழுத்தும் அசையவில்லை; மேலும் இறுகிற்று. மாமா சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அது இடக்கை” என்றார். தண்டின் ஒரு நுனி வலமரை, மறு நுனி இடமரை. வழக்கத்துக்கு மாறாகத் திருப்பினாற்றான் கழலும். ஏன் இப்படிச் செய்தார்கள் என்று மாணவர் வியந்தார்கள். விடையை அவர்களே கண்டார்கள்: இரு நுனியும் மாறுபட்ட மரையாய் இருப்பதாற்றான், மூட்டுகளைக் கழற்றாமலே தண்டை மட்டும் சுழற்றி நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. ஒரு சுற்றுக்கு ஒவ்வொரு நுனியும் 1.25 மில்லிமீற்றர், இரு நுனிக்குமாக 2.5. இரண்டு மரைகளும் ஒரே பக்கமாயிருந்தால் ஒரு நுனி ஏற மறு நுனி இறங்கும். நீளம் மாறவே மாறாது.

புதிய மூட்டுகளை எழுதிவைத்த நீளத்துக்கே பூட்டினார்கள்; இரு நுனியிலும் ஏறக்குறையச் சமமான மரை உள்ளே சென்றிருக்கப் பார்த்தார்கள். துளைகளை மண்ணெண்ணெயாற் கழுவித் துணியால் உலரத் துடைத்தார்கள். கூம்பில் கிறீஸும் ஆகாது. மணல் ஒரு பொட்டும் ஆகாது. அது உலர்ந்து பற்றிக்கொள்வதே அதன் வலு. காற்று வீசுந்தோறும் எம் சாரத்தை விரித்து மறைப்புக் கட்டி நின்றோம். ஆசிரியத் தொழிலில் எமக்குக் கிடைத்த பணிகளுள் அதுவும் ஒன்று.

நட்டை முடுக்கும் விசையை அளக்கும் ஸ்பனர் மாமாவிடம் இருந்தது. படகு இயந்திரத்துக்காக வைத்திருப்பது. வண்டியின் கைந்நூல் விதித்த அளவுக்கு முடுக்கினார். நட்டின் தலை கோட்டை மதில்போல் வெட்டுடையது. அவ்வெட்டும் காம்பின் துளையும் நேர்ப்பட்டால்தான் ஸ்பிளிட் பின் நுழையும். ஓரிடத்தில் நேர்ப்படவில்லை. மாணவன் நட்டைச் சற்றுத் தளர்த்தி நேராக்க முனைந்தான். “பின்னுக்கு வராதே, முன்னுக்குப் போ” என்றார் மாமா. இன்னும் சிறிது முடுக்கியே நேராக்க வேண்டும். பின்களும் நான்கும் புதியவை. பழைய பின்னை நிமிர்த்தி மீண்டும் போடுவோரைத் தாம் வாழ்நாள் முழுதும் கண்டதாகவும், அவர்களுடைய படகுகளிற் சிலவற்றைத் தாமே கட்டியிழுத்து வந்ததாகவும் அவர் கூறினார். அன்று அவர் பேசிய நீண்ட பேச்சு அதுவே.

கடைசி வேலை சில்லுகளை நேர்ப்படுத்துவது. நகரத்துக் கராஜ்களில் இதற்கு ஒளிக்கதிரும் கணினியும் உண்டு. எமக்குக் கிடைத்தவை தங்கூசி நூலும் அளவுநாடாவும். வண்டியைச் சில்லுகளில் இறக்கி, முன் ரயர் இரண்டிலும் காற்றைச் சமப்படுத்தி, ஹாண்டிலை நேரே நிறுத்திக் கட்டினார்கள். ஒவ்வொரு ரயரின் நடுவிலும், அச்சின் உயரத்தில், முன்பக்கம் சுண்ணாம்பால் ஒரு புள்ளி. முன்புள்ளிகளுக்கு இடைப்பட்ட தூரத்தை அளந்தபின், வண்டியை முன்னே உருட்டி அதே புள்ளிகளைப் பின்பக்கம் கொண்டுவந்து மீண்டும் அளந்தார்கள். இவ்விரண்டுக்குமுள்ள வேறுபாடே சில்லுகள் முன்னே விரிந்திருக்கின்றனவா, குவிந்திருக்கின்றனவா என்பதைக் காட்டும். எவ்வளவு விரிய வேண்டும், குவிய வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி வேறு, கைந்நூலே பிரமாணம். இவ்வண்டிக்கு முன்பக்கம் சில மில்லிமீற்றர் விரிந்திருக்க வேண்டும்.

முதல் அளவில் மிகையாக விரிந்திருந்தது. கால்சுற்றுத் திருப்பினால் ரயரின் விளிம்பில் அது மில்லிமீற்றர்க் கணக்கிற் பெருகித் தெரிந்தது. இடத் தண்டில் கால்சுற்று என்றால் வலத் தண்டிலும் கால்சுற்று. இல்லையேல் சில்லுகள் நேராய் ஓட ஹாண்டில் கோணி நிற்கும். தங்கூசியைப் பின்ரயரின் பக்கத்திலிருந்து முன்னே இழுத்துப் பிடித்து இரு பக்கமும் ஒத்திருக்கிறதா என்றும் பார்த்தார்கள். ஐந்தாவது தடவை சரியாயிற்று. பூட்டு நட்டுகளை, ஒன்றை வலமும் மற்றதை இடமுமாக, முடுக்கி முடித்தபோது கடலுக்குள் சூரியன் பாதி இறங்கிவிட்டது.

எம் மாணவர் வெறும் வண்டியை மெல்ல ஓட்டினார், நின்றார், வலம் திருப்பினார், இடம் திருப்பினார். திரும்பிவந்து நட்டுகளை மீண்டும் ஒருமுறை சோதித்தார்கள். மணற்றிட்டின் மேலேறிச் சோதிக்க விரும்பிய பையனை மட்டும் நாம் தடுத்தோம்; வண்டிக்காக அன்று, அடம்பன் கொடிக்காக. அக்கொடியும் புல்லும் பிடித்து வைத்திருப்பதாற்றான் அந்த மணல் அங்கே நிலமாக நிற்கிறது. ஈரமணல் விளிம்பிலே ஓட இடம் தாராளமாக உண்டு.

இரவு உணவின் பின் செலவுக் கணக்குப் பார்க்கப்பட்டது. மாமா தம் கூலியாக எதையும் வாங்கவில்லை. இரண்டு பாரை மீன் அவர் வீட்டுக்குப் போயின. பழைய மூட்டுகளை எம் மாணவர் இருவரும் பாடசாலை ஆய்வுகூடத்துக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். கெட்டுப்போன அந்த உள்மூட்டை விரலால் மெல்ல அழுத்தினால் உருண்டை இப்போது கையோடு வந்துவிடுகிறது.

திங்கட்கிழமை விடியற்காலை, தாயாரைப் பெட்டி வண்டியில் தலையணை வைத்து இருத்தினார்கள். நாமும் அதே படகிற் திரும்ப வேண்டியவர்களாதலால் பின்னே நடந்தோம். வண்டி நீர்விளிம்பு வழியே மெதுவாகச் சென்றது. இறங்குமிடத்தை அடைந்ததும் அவ்வம்மையார் மகனின் தோளைப் பிடித்து இறங்கிக்கொண்டே எம்மைப் பார்த்துக் கேட்டார்:

“என்ன வாத்தியார், மற்ற நாளெல்லாம் துடுப்புப் போடுற மாதிரிக் கையை ஆட்டி ஆட்டி வருவான். இண்டைக்கு ஏன் சும்மா இருந்து வந்தான்?”